வெள்ளியங்கிரி ஏற மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிப்ரவரி பிறந்ததும் கோவை அருகே பூண்டி அடிவாரத்தில் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். மகா சிவராத்திரி, சித்திரை முதல் நாள், சித்ரா பௌர்ணமி என்று மே மாதம் முடியும்வரை வெள்ளியங்கிரியின் ஏழு மலையிலும் இரவெல்லாம் டார்ச் வெளிச்சம் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும். அதே மாதங்களில்தான் மலையேறிய பக்தர் மூச்சுத்திணறி உயிரிழந்தார் என்ற செய்தியும் நாளிதழ்களில் வருகிறது. 2024 மார்ச் கடைசியில் அடுத்தடுத்து மூன்று பேர் இறந்தது பலருக்கும் நினைவிருக்கும். இதய நோய், ரத்தக்கொதிப்பு, மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை எச்சரிக்கிறது. அவசியமான எச்சரிக்கைதான். ஆனால் தனக்கு நோய் இருப்பதே தெரியாதவருக்கும், நோய் எதுவும் இல்லாமல் வருடம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு ஒரே இரவில் ஏழு மலையையும் ஏற வருகிறவருக்கும் அந்த எச்சரிக்கை போய்ச் சேருவதில்லை. மலையேறுவோருக்குப் பயிற்சி அளிப்பவர்களும் பிசியோதெரபி செய்பவர்களுமான நாங்கள் அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம்.

முதலில் மலையின் கணக்கு. அடிவாரத்திலிருந்து சுவாமி சன்னதிவரை ஒரு வழிக்கு ஏறத்தாழ 6 கி.மீ. இதைக் கேட்டதும் பலர், 'தினமும் காலையில் 5 கி.மீ. நடக்கிறேனே, இது ஒரு தூரமா' என்று நினைத்துவிடுகிறார்கள். தூரத்தைப் பார்க்கக் கூடாது, ஏற்றத்தைப் பார்க்க வேண்டும். ஏழாவது மலை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,000 அடி. அடிவாரத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஒரு மாடி 3 மீட்டர் என்று வைத்தால் 1,000 மீட்டர் என்பது 330 மாடிக்கும் அதிகம். 15 செ.மீ. உயரப் படியாக எண்ணினால் 6,600 படிக்கு மேல். அத்தனையும் ஏறி, தரிசனம் முடித்து, அத்தனையும் இறங்க வேண்டும். ஆறாவது மலையில் ஆண்டி சுனையை நோக்கி இறங்கும் இறக்கம் திரும்பி வரும்போது ஏற்றமாகிவிடும். களைத்த காலோடு அதையும் ஏற வேண்டும். சாதாரணமாக நடப்பவர் ஒருவருக்கு, ஓய்வையும் சேர்த்து, போய்வர 8 முதல் 12 மணி நேரம் ஆகும்.

மேலே ஆக்சிஜன் குறைவு, அதனால்தான் மூச்சு வாங்குகிறது என்று ஒரு பேச்சு உண்டு. 6,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும். உயர மலை நோய் பொதுவாக 8,000 அடிக்கு மேல்தான் தலைகாட்டும். அதைவிட முக்கியமாக, பெரும்பாலானவர்களுக்கு மூச்சு முட்டுவது முதல் மலையிலேயே. அங்கே ஆக்சிஜனுக்குக் குறைவே இல்லை. மூச்சு வாங்கக் காரணம் வேகமும், பழகாத உடலும்தான். கற்பூரத்தை முகர்ந்தால் சரியாகிவிடும் என்று பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறார்கள். கற்பூர வாசனை மூக்கில் குளிர்ச்சியைத் தரும், ரத்தத்தில் ஆக்சிஜனைக் கூட்டாது. நெஞ்சு அடைப்பவர் அதை முகர்ந்துவிட்டு மேலே ஏறத் துணிவதுதான் எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

பயிற்சிக்கு 12 வாரம் வேண்டும். சிவராத்திரிக்குப் போகிறவர் கார்த்திகை மாதமே தொடங்க வேண்டும். சித்ரா பௌர்ணமிக்குப் போகிறவருக்குப் பொங்கல் கழிந்ததும் தொடங்கினால் சரியாக இருக்கும். மூச்சும் தசையும் ஓரிரு மாதத்தில் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் நாண்களும் மூட்டுகளும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. நான்கே வாரத்தில் தயாராக நினைப்பவர்களுக்குக் குதிகால் நாணிலும் முழங்காலிலும் வலி வந்து, மலைக்குப் போகும் முன்பே படுத்துவிடுவது இதனால்தான்.

முதல் நான்கு வாரம் எளிமையானது. வாரத்தில் நான்கு நாள், 40 முதல் 45 நிமிடம், கொஞ்சம் வியர்க்கும் வேகத்தில் சமதளத்தில் நடங்கள். இரண்டு நாள் மாடிப்படி ஏறுங்கள். முதல் வாரம் நாளுக்கு மொத்தம் 10 மாடி, நான்காவது வாரத்தில் நாளுக்கு 20 மாடி. ஐந்து முதல் எட்டாவது வாரம்வரை மாடிப்படி வாரத்துக்கு மூன்று நாள், 30 மாடியில் தொடங்கி 60 மாடிவரை. அடுக்குமாடிக் குடியிருப்பு இல்லாதவர்கள் 20 படியை ஒரு மாடியாகக் கணக்கிட்டு, வீட்டு மாடிப்படியிலேயோ ரயில் நிலைய நடைமேம்பாலத்திலோ ஏறி இறங்கலாம். ஏறிவிட்டு லிஃப்டில் இறங்காதீர்கள், அது பாதிப் பயிற்சி. ஏன் என்று கீழே சொல்கிறோம்.

ஒன்பது முதல் பதினொன்றாவது வாரம்வரை முதுகுப் பையோடு ஏற வேண்டும். 3 கிலோவில் தொடங்கி 5 கிலோவரை போதும். கல்லையும் புத்தகத்தையும் நிரப்புவதைவிடத் தண்ணீர் பாட்டில் நல்லது. ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் எடை துல்லியமாகத் தெரியும். முழங்காலில் ஏற்கெனவே தொந்தரவு உள்ளவர் உச்சியில் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு எடை இல்லாமல் இறங்கலாம். இந்த மூன்று வாரத்திலும் வாரம் ஒருநாள் நீண்ட நடை இருக்க வேண்டும். அது உண்மையான படிக்கட்டிலோ மலைப்பாதையிலோ, மூன்று நான்கு மணி நேரம். கோவைக்காரர்களுக்கு மருதமலைப் படி இருக்கிறது. வடக்கே இருப்பவர்களுக்குச் சோளிங்கரின் 1,305 படி நல்ல களம், ஒரே காலையில் இருமுறை ஏறி இறங்கலாம். திருமலைக்கு அலிபிரி வழியாக நடந்தால் 3,550 படி. அதை ஒரு முழு ஒத்திகையாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே பலரும் பேருந்தில் இறங்கிவிடுவார்கள் என்பதால் இறக்கத்தைத் தனியாகப் பழக வேண்டியிருக்கும்.

கடைசி வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். கடைசி மூன்று நாள் லேசான நடை மட்டும். விட்டுப்போன பயிற்சியைக் கடைசி வாரத்தில் ஈடுகட்ட நினைத்தால் களைத்த காலோடுதான் அடிவாரத்தில் நிற்பீர்கள். வாரம் எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். மாடி எண்ணிக்கையைக் கூட்டிய வாரத்தில் எடையைக் கூட்டாதீர்கள்.

இப்போது இறக்கம். வெள்ளியங்கிரியில் ஏற்றத்தில் படும் பாட்டைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். டோலி கட்டித் தூக்கி வரப்படுபவர்களில் கால் சோர்ந்தும் முழங்கால் மடங்கியும் விழுந்தவர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் இறங்கும்போது விழுந்தவர்கள். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். மூச்சு வாங்காததால் சுலபம் என்று தோன்றும். உள்ளே தசை நாரில் நுண்ணிய கிழிசல்கள் சேர்ந்துகொண்டே போகும். இரண்டாவது மலைக்கு வரும்போது நின்றால் தொடை நடுங்கும். அதற்குக் கீழே முதல் மலையின் கல்படி. உயரம் ஒன்றுபோல் இல்லாத படிகள், ஏறிய வெயில், தூக்கமில்லாத கண், எதிரே ஏறி வரும் கூட்டம். கால் தடுக்க அத்தனை காரணமும் அங்கே ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

இதற்கு ஒரே மருந்து இறங்கிப் பழகுவது. தசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கடுமையான இறக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவு சேதம் செய்யாது. ஆகவே உங்கள் கடைசி நீண்ட இறக்கம் மலைக்குப் போகும் நாளுக்கு 10 முதல் 14 நாள் முன்பு இருக்கட்டும். அதைவிட நெருங்கினால் வலி ஆறியிருக்காது.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி. 20 செ.மீ. உயரமுள்ள அசையாத படியில் நில்லுங்கள். கைக்கு எட்டும் தூரத்தில் சுவர் இருக்கட்டும். வலக்காலைப் படியிலேயே வைத்து, இடக்காலின் குதிகாலை மெதுவாக முன்னால் தரைக்கு இறக்குங்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிக்கும்போதுதான் குதிகால் தரையைத் தொட வேண்டும். எடையைத் தரையில் போடாமல் அப்படியே மேலே வாருங்கள். வலது முழங்கால் உள்பக்கமாகச் சாயக் கூடாது. பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராகவே போக வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் தொங்கக் கூடாது. எதிரே கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். முழங்கால் உள்ளே சாய்ந்தால் உயரத்தை 10 செ.மீ. ஆகக் குறையுங்கள். சாய்ந்தபடியே எண்ணிக்கையைக் கூட்டினால் முட்டிச் சில்லின் ஓரம் வலிக்கத் தொடங்கும். ஒவ்வொரு காலுக்கும் 8 முறை, மூன்று சுற்று, வாரம் இரண்டு நாள். ஆறேழு வாரத்தில் 15 முறைக்குக் கொண்டுபோகலாம்.

இதோடு இன்னும் மூன்று போதும். தோப்புக்கரணம், 10 முறை வீதம் மூன்று சுற்று, இறங்குவதை மெதுவாகச் செய்து. குதிகாலை உயர்த்தி இறக்குவது 15 முறை வீதம் மூன்று சுற்று, பாதி முறை முழங்காலை நீட்டியும் பாதி முறை சற்று மடக்கியும். கெண்டைக்காலின் உள்தசைக்கு மடக்கிச் செய்வதுதான் வேலை தரும். ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்பது, பழகியபின் கண்ணை மூடி. கணுக்கால் சுளுக்குவதைத் தடுப்பதில் கடைசியாகச் சொன்னதற்குப் பங்கு பெரியது. பல் துலக்கும்போதே செய்துவிடலாம்.

பயிற்சியில் வரும் வலி எல்லாம் ஒன்றல்ல. தொடையும் கெண்டைக்காலும் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி பிடித்துக்கொண்டு, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு நாளில் போய்விட்டால் கவலை வேண்டாம். ஒரு முழங்கால் மட்டும் வலித்து, வீங்கி, படி இறங்கும்போது குத்தினால் மாடிப்படியை நிறுத்திவிட்டுச் சமதளத்தில் நடங்கள். பத்து நாளில் சரியாகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். இந்த வலியை மாத்திரையால் அடக்கிவிட்டுப் பயிற்சியைத் தொடர்பவர்கள் அந்தப் பருவத்தையே இழக்கிறார்கள்.

தயாராகிவிட்டோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பத்தாவது அல்லது பதினொன்றாவது வாரத்தில் ஒருநாள், பை இல்லாமல், ஏறியும் இறங்கியுமாக மொத்தம் 100 மாடி ஏறிப் பாருங்கள். 300 மீட்டர் ஏற்றம். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்து, நடுவில் நெஞ்சில் எந்தச் சங்கடமும் இல்லாமல், மறுநாள் கைப்பிடியைப் பிடிக்காமல் வீட்டுப்படி இறங்க முடிந்தால் மலைக்குப் போகலாம். முடியாதவர் அந்தப் பௌர்ணமியை விட்டு அடுத்ததற்குப் போகட்டும். மே கடைசிவரை பாதை திறந்திருக்கிறது.

இனி இதயம். பழக்கமில்லாத உடல் திடீரென்று கடுமையாக உழைக்கும்போது, அந்த நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. தொடர்ந்து உடற்பயிற்சி செய்பவருக்கு அதே உழைப்பில் இந்த ஆபத்து வெகு குறைவு. இது மருத்துவ உலகில் நன்றாக நிறுவப்பட்ட உண்மை. 12 வாரம் என்று நாங்கள் வற்புறுத்த முதல் காரணமே இதுதான். 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கொழுப்பு உள்ளவர்கள், புகைப்பவர்கள், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அங்கே போய் 'கோயிலுக்குப் போகலாமா டாக்டர்' என்று கேட்டால் போகலாம் என்றுதான் சொல்வார். 'பத்து மணி நேரம், 330 மாடிக்கு மேல் ஏறி இறங்கப் போகிறேன்' என்று சொல்லுங்கள். படுக்க வைத்து எடுக்கும் இ.சி.ஜி. சரியாக இருப்பதால் மட்டும் ரத்தக்குழாயில் அடைப்பில்லை என்று ஆகிவிடாது. டிரெட்மில் பரிசோதனை தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

பயிற்சியிலோ மலையிலோ நெஞ்சில் பாரம், இறுக்கம், இடது தோள் அல்லது தாடைக்குப் பரவும் வலி, வேலைக்குப் பொருந்தாத குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுவது, உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியும் அடங்காத மூச்சு, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைய ஏற்றம் அங்கேயே முடிந்தது. நம் ஊரில் இதை 'வாயு' என்று சொல்லி, சோடாவோ சுக்குக் காபியோ குடித்துவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்து மறுபடி ஏறுவார்கள். உட்கார்ந்ததும் குறைந்து, ஏறினால் திரும்ப வரும் நெஞ்சுச் சங்கடம் இதயத்திலிருந்து வருவதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கூட வந்தவர்கள் அவரைத் தனியாகத் திருப்பி அனுப்பக் கூடாது. நடக்கவும் விடக் கூடாது. உட்காரவைத்துக் கீழே தகவல் சொல்ல வேண்டும். நினைவிழந்து, மூச்சும் இல்லாவிட்டால், மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்தத் தொடங்குங்கள். கை சோர்ந்தால் அடுத்தவர் மாற வேண்டும். மலையில் உதவி வந்து சேர நேரமாகும். குழுவில் இருவராவது இதை முன்கூட்டியே கற்றிருக்க வேண்டும்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் விஷயம் தனி. ரத்தக்கொதிப்புக்கு அடெனோலால், மெட்டோபுரோலால் போன்றவை எடுப்பவருக்கு எவ்வளவு உழைத்தாலும் நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச் 110 என்று காட்டுவதை நம்பி வேகத்தைக் கூட்டக் கூடாது. நீர் பிரியும் மாத்திரை எடுப்பவருக்கு உடல் சீக்கிரம் வறளும். இன்சுலின் போடுபவரும் கிளிமிபிரைடு, கிளைபென்கிளமைடு வகை மாத்திரை எடுப்பவரும் விரதம் இருந்து மலையேறினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ வாய்ப்பு உண்டு. அன்றைக்கு எந்த மருந்தை எவ்வளவு குறைப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். சட்டைப் பையில் குளுக்கோஸும் பேரீச்சம்பழமும் இருக்கட்டும். விரதத்தின் மேல் எங்களுக்குப் பெரிய மரியாதை உண்டு. 48 நாள் விரதம் இருப்பவர் புகையையும் மதுவையும் விட்டு, நேரத்துக்குத் தூங்கி, அளவாகச் சாப்பிடுகிறார். அந்த நாட்களோடு நடையையும் படியையும் சேர்த்தால் அதைவிட நல்ல தயாரிப்பு இல்லை. ஏறும் அன்று வெறும் வயிறு மட்டும் வேண்டாம். கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு நான்கு இட்லி, பிறகு மலையில் மணிக்கு ஒரு வாழைப்பழமும் ஒன்றிரண்டு கடலை மிட்டாயும் போதும்.

தண்ணீரிலும் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. குளிர்ந்த இரவில் தாகம் தெரியாமல் குடிக்காதவர்கள் ஒரு பக்கம். மே மாத வெயிலில் வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்து, உப்பு நீர்த்துப்போய்த் தலைவலியும் குமட்டலும் வந்து, அதை வறட்சி என்று நினைத்து இன்னும் குடிப்பவர்கள் மறுபக்கம். மணிக்கு அரை லிட்டர் என்பது பலருக்கும் பொருந்தும் அளவு. வெயிலில் கொஞ்சம் கூட்டலாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஏறத்தாழ 21 கிராம் இருந்தால் அது ஒரு லிட்டருக்கானது. அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கொட்டினால் வயிற்றைப் புரட்டும், தாகமும் கூடும். ரத்தக்கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் உப்பு விஷயத்தையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சுனைகளில் தண்ணீர் இருக்கும் என்று நம்பிக் காலி பாட்டிலோடு போகாதீர்கள். கோடையில் அது நூலாக வழியும். பிளாஸ்டிக்குக்கு அடிவாரத்தில் சோதனை உண்டு. எவர்சில்வர் பாட்டில் இரண்டு வாங்கி, பயிற்சியிலும் அதையே தூக்கிப் பழகுங்கள்.

வலி வராமல் இருக்க முன்கூட்டியே டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறும் வழக்கம் பரவி வருகிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். உடல் வறண்டிருக்கும் நேரத்தில் இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். பழகாத தசை அளவுக்கு மீறிச் சிதைந்தால் அதன் கழிவும் அதே சிறுநீரகத்துக்குத்தான் போகிறது. மலையிறங்கிய அன்றோ மறுநாளோ சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போனால், தொடை கல்லாக வீங்கி வலித்தால், தைலம் தேய்த்துப் படுக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நரம்பு வழியே நீர் ஏற்றிச் சரிசெய்யக்கூடியது இது. தாமதித்தால் டயாலிசிஸ்வரை போகும்.

வெறுங்காலோடு ஏறுவது பலருக்கு வேண்டுதல். தடுக்க நாங்கள் யார். ஆனால் பாதத்தோலும் பழக வேண்டும். தினம் 10 நிமிடம் மண்ணிலும் சிறு கல்லிலும் நடந்து, எட்டு வாரத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். மாடிப்படியில் ஒருநாளாவது வெறுங்காலோடு ஏறுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் இதைச் செய்யவே கூடாது. இரவில் குத்திய முள் காலையில் வீங்கும்வரை தெரியாது. ஷூ போடுபவர்கள் புது ஷூவோடு வராதீர்கள். குறைந்தது ஐந்தாறு வாரம் படியேறிப் பழகியதாக இருக்க வேண்டும். இறங்கும்போது பாதம் முன்னால் சரியும் என்பதால் கட்டைவிரலுக்கு முன் ஒரு விரற்கடை இடம் வேண்டும். நகத்தை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டுங்கள். இல்லாவிட்டால் நகம் கறுத்து ஒரு மாதத்தில் விழும். இறக்கம் தொடங்கும் முன் கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். தொடை உராயும் இடத்தில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்வது சின்ன விஷயம். அதைச் செய்யாமல் கால் அகட்டி நடந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்கள் அதிகம்.

அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடியை அலங்காரத்துக்குத் தூக்கிப் போகிறவர்கள்தான் ஏராளம். அதற்கும் பயிற்சி வேண்டும். ஏறும்போது பிடித்த கையின் முழங்கை ஏறத்தாழ செங்கோணத்தில் இருக்கட்டும். இறங்கும்போது பிடியைத் தடியின் மேல்நுனிப் பக்கம் உயர்த்தி, தடியைக் கீழ்ப்படியில் ஊன்றி, எடையை அதில் கொஞ்சம் சாய்த்தபிறகுதான் காலை வைக்க வேண்டும். வலிக்கும் முழங்காலுக்கு எதிர்க்கையில் பிடிப்பது நல்லது. இரண்டு காலும் நன்றாக இருந்தால் அரைமணிக்கு ஒருமுறை கையை மாற்றுங்கள். வழுக்குப்பாறையில் பனி இறங்கியிருக்கும்போது தடி நுனியே வழுக்கும். அங்கே தடியை நம்பாமல் குனிந்து கையை ஊன்றி ஏறுவது மேல்.

உடை பற்றி ஒன்று மட்டும். முதல் மூன்று மலையில் சட்டை நனைந்து ஒட்டும். நான்கு, ஐந்தாவது மலையில் பாதை ஓரளவு சமமாகி வெட்டவெளி வந்ததும் காற்று அடிக்கும். ஈரச் சட்டையோடு அங்கே உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் பல் கிட்டும், தசை இறுகும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். காற்று தொடங்குவதற்கு முன்பே ஈரச் சட்டையைக் கழற்றி, காய்ந்ததை மாட்டி, காதையும் தலையையும் துண்டால் மூடுங்கள். சால்வையை ஈரத்தின் மேல் போர்த்துவதில் பலன் இல்லை. ஓய்வும் அளவோடு இருக்கட்டும். நின்றபடி ஒன்றிரண்டு நிமிடம், மணிக்கு ஒருமுறை உட்கார்ந்து ஐந்து நிமிடம்.

சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வேன் பிடித்துப் பகலெல்லாம் பயணம் செய்து, இரவு பத்து மணிக்கு இறங்கி, பரோட்டாவைச் சாப்பிட்டு, பதினொரு மணிக்கு ஏறத் தொடங்குவதுதான் வழக்கமான திட்டமாக இருக்கிறது. 12 வாரப் பயிற்சியை ஒரே நாளில் கெடுக்க இதுபோதும். முந்தின நாளே கோவைக்கு வந்துவிடுங்கள். முடியாவிட்டால் மதியத்துக்குள் வந்து நான்கு மணி நேரமாவது படுங்கள். இறங்கியதும் வண்டி ஓட்டப்போகிறவர் மலையேறக் கூடாது. ஓட்டுநருக்கு அன்று அடிவாரத்தில் தூக்கம்தான் வேலை.

வேகத்துக்கு அளவு இப்படி. முதல் மலையில் வெள்ளை விநாயகர் கோயில் வரும்வரை யாரையும் முந்த வேண்டாம். 'சிவாய நம' என்று மூன்று முறை ஒரே மூச்சில், விட்டுவிடாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. ஒன்றோடு மூச்சு அறுந்தால் நின்று அடங்கவிட்டுப் பிறகு ஏறுங்கள். மணிக்கு 300 மீட்டர் ஏற்றம், அதாவது 20 படி ஏற ஏறத்தாழ 35 விநாடி. கேட்க மெதுவாகத் தோன்றும், ஆனால் இந்த வேகத்தில் ஓய்வையும் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்குள் உச்சியில் இருக்கலாம். அடிவாரத்தில் ஓட்டமாக ஏறி, இரண்டாவது மலையில் அரைமணி மல்லாந்து படுப்பவரைவிட முன்னால். குழுவில் மிக மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். அவரைப் பின்னால் விட்டால், காத்திருக்கும் கூட்டத்தை அவர் எட்டியதும் கூட்டம் கிளம்பிவிடும். களைத்தவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மலைப்பாதை திறக்கும் செய்தியை ஜனவரி கடைசியில் வெளியிடுகிறீர்கள். அதோடு, கார்த்திகை முதல் வாரத்திலேயே பயிற்சி பற்றி ஒரு அரைப்பக்கம் ஒதுக்குங்கள். சதுரகிரி, பர்வதமலை போகிறவர்களுக்கும் அது உதவும். இறப்புச் செய்தியை எழுதும்போது மூச்சுத்திணறல் என்று நிறுத்தாமல், எந்த மலையில், ஏறும்போதா இறங்கும்போதா, எத்தனை வயது, பயணக் களைப்பு இருந்ததா என்று விசாரித்து எழுதினால் அடுத்தவர் பாடம் கற்க வழியாகும். கோயில் நிர்வாகமும் வனத்துறையும் சேர்ந்து அடிவாரத்தில் பி.பி.யும் சர்க்கரையும் பார்க்க ஒரு மேசை போட்டு, 330 மாடி என்ற கணக்கைப் பெரிய எழுத்தில் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். முதல் படிக்கு முன்னால், தடி விற்கும் இடத்துக்கு எதிரே வைத்தால் எல்லோர் கண்ணிலும் படும்.

இப்படிக்கு,
மலையேற்றப் பயிற்சியாளர்கள், பிசியோதெரபிஸ்டுகள் சிலர்,
கோயம்புத்தூர்.